பந்துக்கு ஒரு மடி

ராஜபாளையத்தில் கூடைப்பந்து தெரியாத ஆள் ஒருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்கமாட்டேன். இங்கே பிள்ளை நடக்கப் பழகுவதற்குள் கையில் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அப்படி ஒருவர் எங்கள் தெருவிலேயே, என் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தார். பெயர் ரஹ்மத் பீவி. இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் மகள் சனாதான் எங்கள் பெண்கள் அணியிலேயே நல்ல ஆட்டக்காரி.

நான் கிருபாபாய். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணி வரை தெரு மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். என் வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். வாய் நீளமாக இல்லாவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ரஹ்மத் பீவி அக்காவுக்குப் பிறந்த ஊர் வத்திராயிருப்பு. வாக்கப்பட்டு வந்தது ராஜபாளையம். வீட்டுக்காரர் ஜமால் முகமது சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுப்பார். பிடித்த மீனை மார்க்கெட்டில் கடை போட்டு விற்பார். அவர் வீசுகிற வலை அத்தனையும் அக்கா பின்னியது. தேவதானத்திலிருந்தும் செட்டியார்பட்டியிலிருந்தும் ஆட்கள் வந்து வீச்சு வலைக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். கண்மாயில் தண்ணீர் கிடக்கிற வருஷம் அக்காவைப் பிடிக்கவே முடியாது. டிவியில் நாடகம் ஓடும், அடுப்பில் குழம்பு கொதிக்கும், வாசலில் வந்த ஆளோடு வழக்கு நடக்கும், கை மட்டும் நைலான் நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும். குனிந்து பார்க்கவே மாட்டார். ஒரு நாள் நான் பேசிக்கொண்டே என் சேலை முந்தானையை வலைப் பக்கம் போட்டுவிட்டேன். அதையும் சேர்த்து முடிந்துவிட்டார். அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் சிரிப்பு வேறு.

இப்படிப்பட்டவர் மகள் ஆடுவதை ஒருநாள்கூட வந்து பார்த்ததில்லை. கேட்டால், "அவ ஆடுதா, நான் எதுக்கு வரணும்? நான் வலை பின்னுறத அவ வந்து பாக்காளா?" என்பார்.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டி. முதல் ஆட்டத்திலேயே அந்த ஊர் அணியிடம் தோற்றோம். தோற்றோம் என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. கடைசி நேரத்தில் சனா எறிந்த பந்து வளையத்தின் இரும்பில்கூடப் படாமல் உள்ளே போய் விழுந்தது. ஆனால் வளையத்தில் வலை இல்லை. அந்த மைதானத்தில் குரங்குகள் வலையை விட்டுவைப்பதில்லை. வெறும் வளையத்தில் பந்து இப்படிச் சுத்தமாகப் போனால், உள்ளே போனதா பக்கத்தில் போனதா என்று தூரத்திலிருந்து தெரியாது. நடுவர் கொஞ்சம் தள்ளி நின்றார். பக்கத்தில்தான் போனது என்று கையை ஆட்டிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் நடுவர் என்னை மைதானத்தை விட்டே வெளியே போகச் சொல்லிவிட்டார். சனா பஸ்ஸில் ராஜபாளையம் வரும்வரை அழுதாள்.

அதோடு போகவில்லை. எங்கள் தெருக் கழகத்துக்குத் தலைவர் பாண்டிதுரை. ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர், இப்போது ஜவுளிக்கடை. அவர் கூட்டம் போட்டுச் சொன்னார்: "டீச்சர், பையங்க எடமில்லாம ரோட்டுல நிக்கானுவ. அடுத்த வருசமும் மொத ஆட்டத்துல தோத்துட்டு வந்தா, சாயங்காலம் கிரவுண்ட அவனுவளுக்குக் குடுத்துருவோம். பொம்பளப் பிள்ளைக காலையில வந்து ஆடட்டும்." காலையில் எந்தப் பெண்பிள்ளையை வீட்டில் விடுவார்கள்? தண்ணீர் பிடிக்க வேண்டும், சமையலுக்கு நிற்க வேண்டும். சாயங்காலம் போனால் ஆட்டமே போயிற்று. அவருக்கும் அது தெரியும். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் தீர்மானம் தீர்மானமாகவே நின்றது.

இந்த வருஷப் போட்டிக்கும் அதே ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானம், முதல் ஆட்டம் அதே ஸ்ரீவில்லிபுத்தூர் அணியோடு. வலை இல்லாமல் ஆடமாட்டோம், வலையை நாங்களே கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டேன். அந்த அணியின் மேனேஜர் ராம்குமார் பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவர், தங்கமான மனிதர். "கொண்டாங்க டீச்சர், குரங்குக்கும் பொழுது போகணும்லா" என்றார். கடையில் விற்கிற வலை ஒரு மாதம் தாங்காது. அக்காவிடம் போனேன்.

"அக்கா, ரெண்டு வலை வேணும்."

"எந்த மீனுக்கு?"

"மீனுக்கு இல்லக்கா. பந்துக்கு."

"பந்துக்கா? அது என்ன தண்ணிக்குள்ளயா ஓடுது, வலை போட்டுப் பிடிக்க?"

நான் பொறுமையாகச் சொன்னேன். மேலே ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதில் வலை தொங்கும், பந்தை மேலே எறிந்து அதற்குள் போட வேண்டும். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே பின்னினார். பிறகு போன வருஷக் கதையைச் சொன்னேன். சனா போட்ட பந்து உள்ளே போனதையும், போகவில்லை என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். மகள் தோற்றது மட்டும்தான் அவருக்குத் தெரியும், இது தெரியாது. கை நின்றுவிட்டது. அந்தக் கை நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"போன பந்தப் போகலன்னா சொன்னாவ?"

"ஆமாக்கா."

"சரி. அந்தப் பந்தக் குடுத்துட்டுப் போங்க. மீனப் பாக்காம வலைக்குக் கண்ணு விட முடியாது." வலையில் இருக்கிற ஓட்டையைத்தான் கண் என்பார்.

மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அக்கா வீட்டுச் சுவரில் தொங்கிய புது வீச்சு வலை ஒன்றைப் பார்த்தேன். ஓரம் முழுக்க உள்பக்கமாக மடித்து, அங்கங்கே சின்னக் கயிற்றால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. சுற்றிலும் பைபையாக நின்றது.

"இது என்னக்கா?"

"மடி. தலைக்கு மேல வலை வந்து விழுந்ததும் மீனு ஓரம் பாத்து ஓடும். அங்கன இந்த மடியில போயி உக்காந்துக்கிடும். மடி இல்லாட்டி அது வலையா? வெறும் கொசுவலை."

எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் பெயர் சமுத்திரம், தமிழாசிரியர். அவரிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் அன்றைக்குச் சோறு ஆறிப்போகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும் சொன்னேன். மடிப்பதால் அது மடி, அதுதான் பிறப்பு என்று ஆரம்பித்தார். உட்கார்ந்தால் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே உடம்பு மடிகிறது, அதனால் பிள்ளையைப் போட்டுக்கொள்கிற இடம் மடி. சேலையை இடுப்பில் மடித்துச் செருகி வெற்றிலை வைத்துக்கொள்வதும் மடி. பசுவுக்குப் பால் சேர்கிற பை மடி. மீன் சேர்கிற பையும் மடி. கடற்கரையில் சுருக்குமடி வலை, இரட்டைமடி வலை என்று செய்தியில் அடிபடுகிறதே, அந்த மடியும் இதுதான் என்றார்.

"எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, எதையாவது சேர்த்து வைக்கிற இடம். அவ்வளவுதானே?" என்றேன்.

அவ்வளவுதான் என்றால் அவர் தமிழாசிரியர் ஆவாரா? சோம்பலுக்கும் மடி என்று பெயர் உண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் பக்கத்து வீடுகளில் குளித்து ஈரத்துணியோடு யாரையும் தொடாமல் நிற்பதும் மடியாம். அடுத்த வீட்டுத் தெலுங்கம்மாவிடம் வேலிக்கு மேலே எட்டிக் கேட்டார். அவர்கள் வீட்டில் பிள்ளை உட்காருகிற இடம் 'ஒடி', மடி என்றால் வயலில் நெல் நடுகிற பாத்தி. "அதுலயும் தண்ணி சேர்ந்துதானே நிக்கிது" என்று அந்த அம்மா சொன்னதும் இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். மீன் குழம்பை நான் மூன்றாவது முறை சுடவைத்தேன்.

போட்டி நாள் வரை வலை என் கைக்கு வரவில்லை. ஜமால் அண்ணன் குத்தகை எடுத்த கண்மாயில் தண்ணீர் வற்றி மீன் பிடிக்கிற நேரம். அக்காவுக்கு மூச்சு விட நேரமில்லை. சனாவிடம் கேட்டால், "எங்கம்மா என்னையத் தொடவே விடல டீச்சர், கண்ணு பட்டுருமாம்" என்றாள். காலையில் பஸ் ஸ்டாண்டில் அக்கா ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். தலையில் வெள்ளைத் துப்பட்டி, முகத்தில் கல்யாண வீட்டுக்குப் போகிற களை.

"நானும் வாரேன் டீச்சர். எம்புள்ள பந்து விழுறத இன்னைக்குப் பாக்கணும்."

மைதானத்தில் ராம்குமார் ஏணி கொண்டுவந்து இரண்டு வளையத்திலும் வலையைக் கட்டினார். நீலமும் வெள்ளையுமாக, இறுக்கமான முடிச்சோடு, பார்க்க அத்தனை அழகு. பாண்டிதுரையும் வந்திருந்தார். எங்கள் தோல்வியை நேரிலேயே பார்த்துவிட்டுப் போக வந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகள் பந்து போட்டுப் பார்த்தார்கள். சனா முதல் பந்தை எறிந்தாள். உள்ளே போயிற்று. அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். எதிர்ப்பக்க வளையத்திலும் ஒரு பந்து உட்கார்ந்திருந்தது.

"அக்கா, என்னக்கா இது?"

"மடி வச்சிருக்கேன் டீச்சர்," என்றார் பெருமையாக. "இனி ஒருத்தனும் போகலன்னு சொல்ல முடியாது. வேணும்னா ஏறிப் பாத்துக்கிடட்டும்."

"பந்து கீழ விழணும்க்கா."

"எதுக்கு?"

"திரும்ப எடுத்து ஆட வேண்டாமா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அப்ப வலை எதுக்கு டீச்சர்? உள்ள போனத வெளிய விடுறதுக்கா இம்புட்டுப் பாடு?"

மைதானமே சிரித்தது. ராம்குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பு ஒன்றை எடுத்துவந்து பந்துகளைக் கீழேயிருந்து குத்தித் தள்ளினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆட்டம் போனால் சாயங்காலமும் போய்விடும். வலை இல்லாமல் ஆடினால் போன வருஷக் கதை. அழுகைதான் வந்தது. நடுவர் பிளேடோடு ஏணிப் பக்கம் போனார்.

"யோவ், என் முடிச்ச வெட்டாதேயும்," என்று அக்கா குறுக்கே போய் நின்றார். "போட்டவளே அவுக்கேன்."

முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷி, துப்பட்டியை இழுத்து இறுக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். நான்கு பிள்ளைகள் ஏணியைப் பிடித்தார்கள். தூக்கிக் கட்டின கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க, உள்ளே மடிந்திருந்த ஓரம் கீழே தொங்கி வழி விட்டது. இரண்டாவது வளையத்துக்குப் போனபோது நடுவர் கடிகாரத்தைக் காட்டிக் காட்டி அவசரப்படுத்தினார். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அவிழ்த்த கயிறுகளைச் சுருட்டி வைத்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. பந்து போனது, விழுந்தது, ஒரு குறையும் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஆரம்பத்தில் சொதப்பினார்கள். நான் கத்தின கத்தில் தொண்டை கட்டிவிட்டது. "ஏட்டி, பந்தப் பாரு, ஆளப் பாக்காத" என்று நான் சொல்ல, செத்த நேரத்தில் அக்காவும் அதையே சொல்ல ஆரம்பித்தார். பந்து யார் கையில் இருந்தாலும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை கையில் இருந்தாலும், அதையேதான் சொன்னார். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறின. பிறகு எங்கள் பிள்ளைகள் ஏறிவந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு புள்ளிதான் பின்னால் நின்றோம்.

சனாவிடம் பந்து வந்தது. நேரம் முடியப்போகிறது. இரண்டு பேர் அவள் முன்னால் கையை விரித்து நின்றார்கள். அவள் வேகமாக எறியவில்லை. அத்தனை கைக்கும் மேலே, உயரமாக, மெதுவாகத் தூக்கிப் போட்டாள். பந்து மேலே இருக்கும்போதே விசில் ஊதியாயிற்று. இறங்கி வந்தது, வளையத்துக்குள் மெல்ல நுழைந்தது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

வலையின் ஒரு ஓரத்தில் ஒரே ஒரு மடி அவிழாமல் இருந்தது. அத்தனை நேரமும் வேகமாக வந்த பந்தெல்லாம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விட, இந்த மெதுவான பந்து அதில் தங்கிவிட்டது.

"விழல சார், விழல," என்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் நடுவரைச் சூழ்ந்தார்கள். போன வருஷம் பந்து விழுந்தும் போகவில்லை என்றார்கள், இந்த வருஷம் விழவில்லை என்று சொல்லப்போகிறார்களா? ராம்குமார் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மேல இருந்து உள்ள போயிருக்கு. நம்ம கண்ணு முன்னால உக்காந்திருக்கு. இதப் போகலன்னு நான் எப்படிம்மா சொல்ல?" என்றார் தன் பிள்ளைகளிடம்.

நடுவர் தலையாட்டினார். "வலை ரெண்டு அணிக்கும் பொதுதான். பந்து மேலேருந்து வளையத்துக்குள்ள போயி உள்ளயே தங்கினாலும் கூடைதான், கீழ விழுந்தாலும் கூடைதான். விதியே அப்படித்தான் இருக்கு." கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினார்.

பிள்ளைகள் என் மேல் வந்து விழுந்த வேகத்தில் நான் தரையில். சனா மட்டும் என்னிடம் வரவில்லை, நேரே அம்மாவிடம் ஓடினாள். அக்கா மேலே பார்த்துக்கொண்டே, "அந்தப் பந்து அங்கனயேதான் இருக்கு பாரு, அங்கனயேதான் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாண்டிதுரை வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சாயங்காலம் கிரவுண்டு பிள்ளைக கிட்டயே இருக்கட்டும் டீச்சர். பையங்களுக்கு வேற எடம் பாப்போம்." பிறகு அக்காவிடம், "நம்ம கிரவுண்டுக்கும் ரெண்டு வலை போட்டுத் தாங்க. மடி இல்லாம" என்றார்.

"மடி இல்லாம வேணும்னா அண்ணாச்சி, ஓட்டச் சாக்கு ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிடுங்க," என்றார் அக்கா.

ராம்குமார் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஆளுக்கொரு பொட்டலம் பால்கோவா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அவருடைய அணியைத் தோற்கடித்தவர்களுக்கு அவர் கொடுத்தது. அக்கா தன் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டார், ஜமால் அண்ணனுக்காம். பஸ் கிளம்பிய பிறகு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. அந்த ஒண்ண மறந்துட்டீங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நீங்க பந்து கீழ விழணும்னு சொன்னீய. அவுத்தேன். கடைசிக் கயித்தப் பிடிச்சப்ப, போன வருசம் எம்புள்ள அழுதுட்டு வந்து சோறு திங்காமப் படுத்தது ஞாபகம் வந்துச்சு. அவ போட்டது ஒண்ணாச்சும் தங்குறதுக்கு எடம் வேணும்லா. கை வரல டீச்சர்."

என் பொட்டலத்தையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கழற்றிக்கொண்டுவந்த அந்த வலைகளை எங்கள் மைதானத்தில் கட்டினோம். கேட்டுக்கு வெளியே அக்கா நின்றார். இவ்வளவு வருஷத்தில் முதல் தடவை.

"இந்த எடம் எம்புட்டு நேரம் டீச்சர் உங்களுக்கு?"

"ஏழு மணி வரைக்கும்க்கா. ஒருத்தரும் வந்து கேக்க முடியாது."

"அப்படியா?" என்று உள்ளே வந்து, ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். ஏறி, மிச்சமிருந்த அந்த ஒரு மடியையும் தன் கையால் அவிழ்த்துவிட்டார்.

"இங்கன வேண்டாம்," என்றார் இறங்கி வந்து. "இங்கன போனத யாரும் போகலன்னு சொல்லமாட்டாவ. விழுந்தா விழட்டும், ஏட்டி சனா, எடுத்துத் திரும்பப் போடு."